கின்கோ: விதையின் மருத்துவமும் இலையின் மருந்தும்

நினைவாற்றலுக்கென்று மருந்துக்கடைகளில் விற்கப்படும் சில மாத்திரைப் பெட்டிகளின் மேல், நடுவில் பிளவுபட்ட சிறு விசிறி போன்ற ஓர் இலையின் படம் அச்சிடப்பட்டிருக்கும். அது கின்கோ மரத்தின் இலை. ஜின்கோ என்று சொல்பவர்களும் உண்டு. சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மூளையின் நலத்துக்காக இதைப் பயன்படுத்தி வந்தார்கள் என்ற வாசகம் பெரும்பாலும் அந்தப் படத்தோடு சேர்ந்தே வரும். மரம் தொன்மையானது என்பதும், சீன மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் சீன மருத்துவம் பெரிதும் பயன்படுத்தியது அந்த மரத்தின் விதையை. மாத்திரையில் இருப்பதோ இலையின் சாறு. விதை கொடுக்கப்பட்டது இரைப்புக்கும் இருமலுக்கும். இலைச்சாறு விற்கப்படுவது மறதிக்கு. இலைச்சாறு மருந்தாக உருவானது 1960களில், ஜெர்மனியில். இந்த இரண்டு வரலாறுகளையும் பிரித்துப் பார்க்காமல் கின்கோவின் மருத்துவப் பயனை எடைபோட முடியாது.

மரத்திலிருந்தே தொடங்கலாம். கின்கோ குலத்தின் புதைபடிவங்கள் ஜுராசிக் காலத்துப் பாறைகளில், அதாவது ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளில் கிடைக்கின்றன. டைனோசர்கள் உலவிய காலத்தில் இந்தக் குலம் பூமியின் இரு அரைக்கோளங்களிலும் பரவியிருந்தது. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் குன்றுகளின் பாறைகளிலும் அதன் உறவினங்களின் இலைத்தடங்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் அந்த இனங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோய், கின்கோ பைலோபா என்ற ஒரே ஓர் இனம் மட்டும் சீனத்தின் மலைப்பகுதிகளில் எஞ்சியது. கிழக்கே செஜியாங் மாகாணத்தின் தியன்மு மலையும், தென்மேற்கே குய்சோ, சோங்சிங் பகுதிகளின் மலைகளும் அதன் புகலிடங்களாக இருந்தன என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு குலம், ஒரு குடும்பம், ஒரு வரிசை என்று தாவரவியல் பகுப்பின் பல படிகளையும் தனியாக நிரப்பி நிற்கும் மரம் இது. பூக்கும் தாவரங்களோடு இது சேராது. திறந்த விதைத் தாவரங்களில்கூட ஊசியிலை மரங்களைவிட சைக்கஸ் செடிகளுக்கே நெருக்கமானது. அந்த நெருக்கத்தின் தெளிவான சான்றை 1896இல் டோக்கியோவின் கொய்ஷிகாவா தாவரவியல் தோட்டத்தில் ஹிராசே சகுகோரோ கண்டார். கின்கோவின் ஆண் உயிரணுக்கள் பாசிகளிலும் பெரணிகளிலும் நிகழ்வதைப் போலவே நீந்திச் சென்று கருவுறச் செய்கின்றன என்பதை அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். விதை தரும் ஒரு தாவரத்தில் அப்படி ஒன்று நிகழும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பது கின்கோவைப் புரிந்துகொள்ள உதவும் மற்றொரு செய்தி. இலையுதிர் காலத்தில் பெண் மரத்தடியில் விழும் விதைகளைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் சதைப்பற்றுள்ள ஓர் உறை இருக்கும். அதில் உள்ள பியூட்ரிக் அமிலத்தால், கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் அந்த இடமெங்கும் வீசும். பல நகரங்கள் தெருவோரங்களில் ஆண் மரங்களை மட்டுமே நட விரும்புவதற்கு அதுவே காரணம். ஆனால் அந்த நாறும் சதையைக் கழுவி நீக்கி, வெண்ணிற ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்புக்காகத்தான் சீனர்கள் இந்த மரத்தை முதலில் வளர்த்தார்கள்.

சீன இலக்கியத்தில் கின்கோ தெளிவாகத் தென்படத் தொடங்குவது 11ஆம் நூற்றாண்டில், சோங் அரசமரபின் காலத்தில்தான். இலையின் வடிவத்தைக் கொண்டு 'வாத்தின் பாதம்' என்று அழைக்கப்பட்ட அந்த மரத்தின் விதைகள், யாங்சி ஆற்றின் தெற்குப் பகுதிகளிலிருந்து தலைநகர் கைஃபெங்குக்குத் திறைப்பொருளாக அனுப்பப்பட்டன. ஓயாங் சியூ போன்ற புகழ்பெற்ற அறிஞர்கள் அந்த அரிய விதைகளைப் பற்றிக் கவிதைகள் எழுதினார்கள். பின்னர் 'வெள்ளி ஏப்ரிகாட்' என்ற பெயர் நிலைபெற்றது. மருந்துப் பொருளாக விதைக்கு 'வெள்ளைக் கனி' என்று பொருள்படும் பாய்குவோ என்ற பெயர் வழங்குகிறது. எல்லா மருந்துகளுக்கும் மூத்த மருந்தாக இதைக் காட்டும் விளம்பரங்கள் மறைக்கும் செய்தி இதுதான்: பழைய சீன மருத்துவ நூல்களின் நீண்ட வரிசையில் கின்கோ தாமதமாகவே வந்து சேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் யுவான் காலத்து உணவு மருத்துவ நூல்களில் அது இடம்பெறத் தொடங்குகிறது. 1596இல் அச்சான லி ஷிசென்னின் 'பென்சாவ் காங்மு' என்ற பெருந்தொகுப்பு அதன் குணங்களை விரிவாகச் சொல்கிறது.

அந்த மரபில் விதையின் வேலை, நுரையீரலை இறுக்கி மூச்சிரைப்பை அடக்குவது, சளியைக் குறைப்பது, அடிக்கடி சிறுநீர் கழிவதையும் பெண்களுக்கு ஏற்படும் வெள்ளைப்படுதலையும் கட்டுப்படுத்துவது ஆகியவை. இரைப்பு நோய்க்கென்று வழங்கும் திங் சுவான் தாங் என்ற பழைய கசாயத்தில் வறுத்த கின்கோ விதை முதன்மையான சரக்குகளில் ஒன்று. ஆனால் அதே கசாயத்தில் மா ஹுவாங் எனப்படும் எஃபெட்ரா தண்டும் சேர்கிறது; மூச்சுக்குழாயை விரிக்கும் எஃபெட்ரின் அதிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே அந்தக் கசாயம் ஒருவருக்கு மூச்சை இலகுவாக்கினால், அதில் விதையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இலையைப் பற்றிய பழைய குறிப்புகளோ மிகக் குறைவு. வயிற்றுப்போக்குக்கும் தோல் புண்களுக்கும் அதைப் பயன்படுத்திய செய்திகள் உண்டு. நினைவாற்றலுக்கான மருந்தாக அது அங்கே பெயர்பெறவில்லை.

பழைய நூல்களில் என்னை மிகவும் கவர்வது அவற்றின் எச்சரிக்கையே. பசியால் வாடிய சிலர் சோற்றுக்குப் பதிலாகக் கின்கோ விதைகளை வயிறார உண்டதாகவும், மறுநாள் அனைவரும் இறந்துபோனதாகவும் லி ஷிசென் தம் தொகுப்பில் எழுதிவைத்திருக்கிறார். இதை வெறும் கதை என்று ஒதுக்க முடியாது. 1930க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலத்தில், போரும் உணவுப் பஞ்சமும் நிலவிய ஆண்டுகளையும் உள்ளடக்கி, ஜப்பானில் கின்கோ விதையால் நஞ்சேறிய 70 நிகழ்வுகள் பதிவாயின. அவற்றில் ஏறத்தாழ 27 சதவீதம் மரணத்தில் முடிந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். வாந்தியும், அதைத் தொடர்ந்து வலிப்பும் வந்தன.

அதன் காரணம் 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. விதையில் 4-ஓ-மெத்தில்பிரிடாக்சின் என்ற சேர்மம் இருக்கிறது. கின்கோடாக்சின் என்றும் அதை அழைப்பார்கள். வேதி அமைப்பில் அது வைட்டமின் பி6ஐ மிகவும் ஒத்திருப்பதால், உடலில் அந்த வைட்டமின் செய்ய வேண்டிய வேலைக்கு இடையூறாக நிற்கிறது. மூளையின் நரம்புக் கிளர்ச்சியை அடக்கிவைக்கும் காபா என்ற பொருள் உருவாவதற்கு பி6 தேவை. காபா குறைந்தால் நரம்புகள் கட்டுமீறிக் கிளர்ந்து வலிப்பு உண்டாகிறது. நஞ்சேறியவருக்கு பி6 வைட்டமினை ஊசியாகச் செலுத்துவது சிகிச்சையாக அமைவதும் இதனால்தான். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுவதுமாக அழிவதில்லை. ஜப்பானில் சவன்முஷி என்னும் முட்டைப் பதார்த்தத்துக்குள் ஓரிரு பருப்புகள் மட்டுமே புதைந்திருக்கும்; கொரியாவில் சில பருப்புகளைக் குச்சியில் கோத்து வாட்டித் தருவார்கள். குழந்தைகளுக்கு அதிகம் தரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சமையலறை மரபு வேதியியலுக்கு முன்பே அறிந்திருந்தது.

விதையைச் சுற்றிய சதையுறைக்கும் ஒரு தீமை உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது எளிது. அதில் உள்ள கின்கோலிக் அமிலங்கள், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலங்களின் நெருங்கிய உறவினங்கள். பண்ருட்டிப் பகுதியில் முந்திரி உடைப்பவர்களின் கைகளைப் புண்ணாக்கும் அந்த எண்ணெயையும், சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று சொல்லப்படும் சேங்கொட்டையின் சாற்றையும் போலவே, கின்கோவின் சதையும் தோலில் அரிப்பையும் கொப்புளங்களையும் உண்டாக்கும். பிற்காலத்தில் இலையிலிருந்து மருந்து தயாரித்தவர்கள் இந்த அமிலங்களை நீக்குவதற்குப் பெரும் முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. இலையிலும் அவை இருக்கின்றன.

ஐரோப்பாவுக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்தியவர் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் 1690 முதல் 1692 வரை நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவில் அவர் தங்கியிருந்தார். 1712இல் வெளியிட்ட நூலில் மரத்தை வருணித்து, அதன் பெயரை 'கின்கோ' என்று எழுதினார். ஜப்பானிய எழுத்துகளின் முறையான வாசிப்பு 'கின்க்யோ' என்பதால், அவர் செய்த எழுத்துப்பிழையே உலகப் பெயராயிற்று என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அவருக்கு உதவிய நாகசாகி மொழிபெயர்ப்பாளரின் வட்டார உச்சரிப்பையே அவர் பதிந்திருக்கலாம் என்ற விளக்கமும் இப்போது முன்வைக்கப்படுகிறது. எதுவாயினும் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1771இல் அதே எழுத்துக்கூட்டலோடு, இருமடல் என்னும் பொருளில் 'பைலோபா' என்பதையும் சேர்த்து இனத்துக்குப் பெயரிட்டுவிட்டார். லண்டன் கியூ தோட்டத்தில் 1762இல் நடப்பட்ட கின்கோ இன்றும் நிற்கிறது. இருந்தும், அதன் பின் 200 ஆண்டுகள் வரை ஐரோப்பியர்களுக்கு அது அழகுக்கான மரமாகவே இருந்தது. இலையில் மருந்து தேட யாரும் முனையவில்லை.

அந்தத் தேடலைத் தொடங்கியது கார்ல்ஸ்ரூஹே நகரைச் சேர்ந்த வில்மார் ஷ்வாபே என்ற மருந்து நிறுவனம். இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் மருந்தாக 1965இல் டெபோனின் என்ற பெயரில் அதன் இலைச்சாறு சந்தைக்கு வந்தது. பின்னர் பிரான்சில் டனாகான் என்ற பெயரில் அதே சாறு பரவியது. படிப்படியாகச் செம்மைப்படுத்தப்பட்ட அந்தச் சாற்றுக்கு இ.ஜி.பி 761 என்ற குறியீட்டுப் பெயர் நிலைத்தது. பச்சிலையைக் கசக்கிப் பிழிவது போன்ற வேலையன்று இது. காய்ந்த இலையை அசிட்டோனும் தண்ணீரும் கலந்த கரைப்பானில் ஊறவைத்து, பல கட்டங்களில் தேவையற்றவற்றை நீக்கி, 35 முதல் 67 கிலோ வரை இலையிலிருந்து ஒரு கிலோ உலர்ந்த சாற்றை எடுக்கிறார்கள். அதில் செயல்படும் பொருள்களாகக் கருதப்படும் ஃபிளேவோன் கிளைகோசைடுகள் 22 முதல் 27 சதவீதம், டெர்பீன் லாக்டோன்கள் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். முன்பு சொன்ன கின்கோலிக் அமிலங்கள் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த அளவுகளே மருந்தின் அடையாளம். இலையைக் காயவைத்துப் பொடித்து விற்கும் பொட்டலத்துக்கோ, வீட்டில் போடும் இலைத் தேநீருக்கோ இந்த அடையாளம் கிடையாது.

தேவை பெருகியதும் பிரான்சின் போர்தோ நகரையொட்டியும், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சம்ட்டரிலும் கின்கோத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகள் நின்று 40 மீட்டர் வளரக்கூடிய மரத்தை, அங்கே இடுப்பளவுப் புதராகவே வெட்டி வைத்து, கோடையில் இலைகள் பச்சையாக இருக்கும்போதே இயந்திரங்களால் பறிக்கிறார்கள்.

வேதியியலாளர்களுக்கு இந்த மரம் தந்தது பெரிய விருந்து. மேலே சொன்ன டெர்பீன் லாக்டோன்களில் அடங்கும் கின்கோலைடுகள் என்ற கசப்புப் பொருள்களை ஃபுருகாவா என்பவர் 1932இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார். வேர்ப்பட்டையிலிருந்து அவற்றைத் தூய்மையாகப் பெற்று, அவற்றின் சிக்கலான கூண்டு போன்ற அமைப்பை 1967இல் வெளிப்படுத்தியவர் கோஜி நகனிஷி. கின்கோலைடு பியை ஆய்வகத்திலேயே 1988இல் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார் ஈ.ஜே. கோரி, இரண்டாண்டுகளில் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே, இரத்தத்தட்டுகளை ஒன்றுசேரத் தூண்டும் பி.ஏ.எஃப் என்ற பொருளின் செயலைக் கின்கோலைடு பி தடுக்கிறது என்பது 1980களில் தெரியவந்தது. ஃபிளேவோன்கள் உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கின்றன என்ற ஆய்வகச் செய்தியும் சேர்ந்துகொண்டது. மூளைக்கு இரத்தம் சீராகப் பாயும், நரம்பணுக்கள் காக்கப்படும், ஆகவே முதுமை மறதி விலகும் என்ற வாதம் இந்த இரண்டு செய்திகளின் மேல் கட்டப்பட்டது. சோதனைக் குழாயில் உண்மையாக இருப்பது மனிதரின் உடலிலும் உண்மையாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்பதால், அந்த வாதத்தைப் பெரிய மருத்துவ ஆய்வுகளில் சோதிக்க வேண்டியிருந்தது.

1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே மறதிநோய் உள்ளவர்களுக்கு ஓராண்டு இந்தச் சாற்றைக் கொடுத்ததில் சிறிதளவு முன்னேற்றம் தெரிந்ததாகக் கூறியது. அந்தச் செய்தியோடு அங்கே கின்கோவின் விற்பனை உச்சத்துக்குச் சென்றது. ஆனால் 60 வயதைக் கடந்த, நோயில்லாத முதியவர்களுக்கு ஆறு வாரங்கள் கொடுத்துப் பார்த்த 2002ஆம் ஆண்டின் ஆய்வில் நினைவாற்றல் கூடவில்லை. உண்மையான தீர்ப்பு 2008இல் வந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பாதியினருக்கு நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் இ.ஜி.பி 761, மறு பாதியினருக்கு அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது தரப்படுகிறது என்று பங்கேற்றவர்களுக்கும் தெரியாது, அவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தெரியாது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபின், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 246 பேருக்கும் கின்கோ பெற்றவர்களில் 277 பேருக்கும் மறதிநோய் வந்திருந்தது. வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதன்று. தடுக்கும் ஆற்றல் இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. அதே முதியவர்களின் நினைவும் கவனமும் தேய்ந்த வேகத்தைத் தனியாக ஆராய்ந்தபோதும் பயன் தெரியவில்லை. 70 வயதைக் கடந்த, நினைவு மங்குவதாகத் தாமே குறை கூறிய 2,854 பேரைப் பிரான்சில் ஐந்தாண்டுகள் கவனித்த மற்றொரு பெரிய ஆய்வும் 2012இல் அல்சைமர் நோய் தடுக்கப்படவில்லை என்றே முடித்தது.

தடுப்பதும் தணிப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோய் தொடங்கிவிட்டவர்களுக்கு, குறிப்பாக மனக்கலக்கமும் எரிச்சலும் சேர்ந்தவர்களுக்கு, நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் வீதம் சுமார் ஆறு மாதம் கொடுத்த சில ஆய்வுகளில் அன்றாட நடமாட்டத்திலும் மனநிலையிலும் சிறு முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது. அவற்றில் பல தயாரிப்பு நிறுவனத்தின் உதவியோடு நடந்தவை. முடிவுகளும் ஒன்றோடொன்று முழுவதும் பொருந்தவில்லை. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு, தரப்படுத்தப்பட்ட சாற்றை இலேசான மறதிநோயில் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்தப் பயன்படுத்தலாம் என்று 2015இல் ஏற்றதற்கு இந்த ஆய்வுகளே அடிப்படை. காதிரைச்சலுக்கும், நடக்கும்போது காலில் இரத்தம் போதாமல் வரும் வலிக்கும் இதே சாறு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. இருக்கும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வுகள் அவற்றில் நோயாளி உணரத்தக்க பயன் இல்லை என்கின்றன.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய மற்றொன்று, மேலே சொன்ன ஆய்வுகள் அனைத்தும் தரம் அறியப்பட்ட சாற்றை வைத்து நடந்தவை என்பதாகும். ஜெர்மனியில் மருந்தாகப் பதிவுபெற்று விற்கப்படும் கின்கோ, அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வெறும் உணவுத்துணைப் பொருள். விற்குமுன் பயனை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. விலை மலிவாகக் கிடைக்கும் ரூட்டின், குவெர்செட்டின் போன்ற ஃபிளேவோன்களை வேறு தாவரங்களிலிருந்து எடுத்துக் கலந்தால், எளிய சோதனையில் சாறு மேலே சொன்ன ஃபிளேவோன் அளவை எட்டியதாகவே காட்டும். இந்தக் கலப்படம் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. 2015இல் சீன அரசின் உணவு, மருந்துக் கண்காணிப்புத் துறை, எத்தனாலுக்குப் பதிலாக மலிவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டு சாறெடுத்த உற்பத்தியாளர்களைக் கண்டுபிடித்து, நாடெங்கும் கின்கோ மருந்துகளைத் திரும்பப் பெறச் செய்தது. மரம் பிறந்த மண்ணிலேயே இது நடந்தது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

தீங்கைப் பொறுத்தவரை, தரமான சாற்றைப் பெரும்பாலோர் தொந்தரவின்றித் தாங்கிக்கொள்கிறார்கள். தலைவலியும் வயிற்றுக் கோளாறும் சிலருக்கு வரும். பி.ஏ.எஃபைத் தடுக்கும் இயல்பு காரணமாக இரத்தக்கசிவு பற்றிய அச்சம் நெடுநாளாக உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் இரத்தம் உறையும் நேரம் மாறவில்லை. ஆனால் கண்ணிலும் மூளையிலும் கசிவு ஏற்பட்ட தனி நோயாளிகளின் பதிவுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 36 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்று 2001இல் வெளியான ஒரு மதிப்பாய்வு பரிந்துரைத்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மிகுந்த அளவில் ஈராண்டுகள் ஊட்டிப் பார்த்த அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வில் சுண்டெலிகளின் கல்லீரலில் புற்றுக்கட்டிகள் பெருகின. அதையொட்டி உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கின்கோ சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்பு இருக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் சேர்த்தது. மனிதர்களிடம் அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை.

வீட்டில் ஒரு முதியவர் பெயர்களை மறக்கத் தொடங்கும்போது, ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் பிள்ளைகள் இந்த மாத்திரையை வாங்கிவருவது இயல்பானது. அந்தத் தவிப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மறதிக்குப் பின்னால் தைராய்டு குறைவோ, பி12 வைட்டமின் பற்றாக்குறையோ, மனச்சோர்வோ, வேறொரு மருந்தின் பக்கவிளைவோ இருக்கக்கூடும். அவை கண்டறிந்தால் சரிசெய்யத்தக்கவை. முதலில் அந்தச் சோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. ஏற்கெனவே கின்கோ உட்கொண்டு வருபவர் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றையும் எடுப்பவராக இருந்தாலோ, வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவராக இருந்தாலோ, பல் பிடுங்கவோ கண்புரை அறுவைக்கோ நாள் குறித்திருந்தாலோ, மாத்திரைப் பெட்டியையே கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.